கல்லில் ஹுன்ரோவுக்கு ஓர் இடம்

ஹுன்ரோவின் சக்களத்தி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாவது ஹுன்ரோ ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் கென்னாவின் முதல் மனைவி வாபெத் செத்து ஆறு வருஷம். முன்னறைச் சுவர் மாடத்தில், சுண்ணாம்புக் கல்லில் தீட்டிய படமாக, நாற்காலியில் உட்கார்ந்து தாமரையை முகர்ந்துகொண்டிருந்தாள். மஞ்சள் உடம்பு, நீலப் பூ. தினமும் அவளுக்கு ரொட்டியும் பீரும் படைக்க வேண்டியது ஹுன்ரோவின் வேலை.

ஹுன்ரோ படகுக்காரன் மகள். பதினாறு வயதில், கல்லறை வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். நாளெல்லாம் துணி நெய்தாள், மூன்று பிள்ளை பெற்றாள், கென்னாவின் கண்வலிக்குத் தேன் விட்டாள். அவனோ வேலைக்குக் கிளம்பும்போது மாடத்தைப் பார்த்துத்தான் "போயிட்டு வரேம்மா" என்பான்.

அரசரின் கல்லறை வேலைக்காக அவன் மலைக்கு அப்பால் எட்டு நாள் தங்கப் போனபோது, தெருவில் படம் வரைந்து பேர் எழுதிக் கொடுக்கும் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தக் கல்லுல என்னையும் வரைஞ்சு விடு. பேரோட. நாளைக்கு நான் செத்தா எனக்கு எவன் கல்லு வைப்பான்?"

நான் கடல் கடந்து வந்தவன். இரண்டு நாட்டு எழுத்தும் படித்ததால்தான் இங்கே பிழைப்பு. ஊர்க்காரர் சண்டையில் புகுந்தால் முதலில் என் தலைதான் உருளும். அவள் விடவில்லை.

இடம் அடியில் மட்டும்தான் இருந்தது. மண்டியிட்டு, இரண்டு கையிலும் ரொட்டி ஏந்தியவளாக வரைந்து பேரையும் எழுதினேன்.

"என்னண்ணே இது! செத்த பிறகும் இவளுக்கு நானே பரிமாறணுமா? அழி!"

"பேர் எழுதியாச்சு தங்கச்சி. அதை அழிச்சா மேலுலகத்துல நீயே இல்லாம போயிடுவே. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப ரொட்டியை மட்டும் அழி. பட்டினி கெடக்கட்டும் மகராசி."

ரொட்டிகளின் மேல் வெள்ளை பூசினேன். அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கென்னா வந்தான். நான் வண்ணக் கிண்ணங்களை எடுத்துப்போக வந்திருந்தேன். கல்லின் முன் குனிந்து பார்த்தான். மண்டியிட்ட பெண், வெறுங்கைகளைத் தூக்கியபடி. இந்த ஊரில் சாமி முன்னால் எல்லோரும் கை தூக்குவது அப்படித்தான்.

அவன் கண் கலங்கியது.

"அவளைக் கும்பிடுறியா புள்ள? உனக்கு இம்புட்டுப் பெரிய மனசுன்னு தெரியாமப் போச்சே!"

அவன் அவள் தோளில் கை போட்டதை நான் முதன்முறையாகப் பார்த்தேன். ஹுன்ரோ என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.