நீல டிரம்மும் பன்னீர்த் திராட்சையும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தாலுகா அலுவலகத்தில் இருந்தபோது இதைக் காட்டித்தான் எனக்குக் கீழிருந்தவர்களை விரட்டினேன். ஆகவே சித்திரையில் அந்த வீடியோ வந்ததும் வெள்ளைத்தாளைத்தான் தேடினேன்.

வீடியோவில் ஒரு டிரம் நிறைய நீலத் தண்ணீர். அடுத்து கருந்திராட்சைக் குலைகள். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையை விஷத்தில் முக்குகிறார்கள் என்றது ஒரு குரல். நான் தினமும் வாசிக்கும் இரண்டு செய்தித்தாள்களிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

“பேப்பர்ல எப்பிடிப் போடுவாக? மறைக்கத்தான செய்வாக” என்றார் டீக்கடைக்காரர்.

அனுமந்தன்பட்டியில் என் தம்பி தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை பழுத்து நின்றது. வழக்கமாகக் கேரளாவுக்குப் பழம் வாங்கும் குமுளி வியாபாரி போனை எடுக்கவில்லை.

“சோதனை பண்ணுனாகளான்னு உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருக்கேன். முப்பது நாள்ல சொல்லியாகணும்” என்றேன்.

“பத்து நாள்ல பழம் கொட்டிரும்ணே. அப்புறம் பதிலத்தான் பெட்டியில அடுக்கணும்.”

குறிப்பெடுக்க வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது டிரம்முக்குப் பின்னால் ஒரு மோட்டார் அறை தெரிந்தது. கதவில் மின் இணைப்பு எண். அந்த இணைப்பைத் தம்பி பெயருக்கு மாற்ற மனு எழுதியவனே நான்தான்.

தம்பி தலையைச் சொறிந்தான். “கவாத்து வெட்டிட்டு மயில்துத்தம் கலக்கையில, கலர் நல்லாருக்கேன்னு ஸ்டேட்டஸ் வச்சேன்ணே.” அதை எவரோ எடுத்துப் பழக்காட்சியோடு ஒட்டியிருக்கிறார்கள்.

நான் இரண்டு பக்கத்தில் மறுப்பு எழுதினேன். தம்பி மனைவி அதைப் பாதியில் மடித்தாள். “இத யாரு மாமா வாசிப்பாக?”

அவளே டிரம்மருகே நின்று போனைப் பார்த்துப் பேசினாள். “இது கவாத்து வெட்டுன மொட்டக் கொடிக்கு அடிக்கிற மருந்து. அப்ப பழமே கெடையாது. பழம் இந்தா இருக்கு.” ஒரு குலையை ஒடித்து அங்கேயே தின்றாள். விதை துப்பியதைக்கூட வெட்டாமல் வீடியோவை அனுப்பினாள். அவதூறைச் சுமந்த அதே வாட்ஸ்அப் குழுக்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல், சாயங்காலத்துக்குள் இதையும் சுமந்தன.

மூன்றாம் நாள் வியாபாரி வண்டியோடு வந்தார். “சேச்சி தின்ன கொடி எங்கன இருக்கு? அதுல பறிச்சதுதான் வேணும்னு அங்க கேக்குறாக.”

தம்பி அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் அன்றுதான் சோறு இறங்கியது.

தோட்டத்தில் ஒரு பழம்கூட இல்லாத நாளில் என் மனுவுக்குப் பதில் பதிவுத் தபாலில் வந்தது: புகார் எதுவும் பெறப்படவில்லை, மாதிரி எதுவும் எடுக்கப்படவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அன்று ஆடிப் பதினெட்டு.