சில்லுப் பூட்டிய கொண்டோலா

என் தங்கையின் மூத்த மகள் வயதுக்கு வந்ததைக் கொண்டாட மார்க்கம் நகரில் ஒரு பெரிய மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்தார்கள். வெனிஸ் நகரம்தான் தீம். பிறகு தங்கை கைபேசியில் படம் காட்டினாள். பலகையில் செய்து கறுப்பும் பொன்னிறமும் பூசிய கொண்டோலாப் படகு, அடியில் உருட்டித் தள்ள நான்கு சில்லுகள். பிள்ளை அதில் உட்கார்ந்து மண்டபத்துக்குள் வருவாளாம். பின்னால் துடுப்போடு நிற்க வேண்டியவன் தாய்மாமனாகிய நான். கோடு போட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியும் ஏற்கெனவே ஓடர் பண்ணிவிட்டார்கள்.

"உங்களுக்குப் பிடிக்குமெண்டுதான் அண்ணை இத்தாலி தீம் எடுத்தனாங்கள்," என்றாள்.

எனக்குப் பிடித்த இத்தாலி எங்கே, இந்த அரியண்டம் எங்கே. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஐந்து பேராக நெருக்கிப் படுத்துக்கொண்டு, ஓர் இத்தாலிய உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போனேன். பிறகு சோஸ் கிண்டினேன், கடைசியில் பாஸ்தா அடுப்புக்கு வந்தேன். அந்தச் சமையலறையில் ஆங்கிலம் பேச ஆளில்லை. ஆகவே எனக்கு ஆங்கிலத்துக்கு முன்பே இத்தாலியன் வந்தது, அதிலும் கெட்ட வார்த்தைகள்தான் முதலில் வந்தன. ஒருநாள் றேடியோவில் ஒரு பெண் பாடியதைக் கேட்டபடி நின்றதில் சோஸ் அடிப்பிடித்துவிட்டது. வாங்கிய ஏச்சும் பாட்டைப் போலவே இருந்தது. அன்றைக்கு விழுந்தவன் இன்னும் எழும்பவில்லை. மாலை வகுப்புக்குப் போய் இலக்கணம் படித்தேன். பனிக்குள் நடந்துபோய் ஒப்பரா அரங்கின் கடைசி வரிசையில் இருந்தேன். என் மனைவி இத்தாலியைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

ஆனால் அந்தச் சமையலறைக்கு வெளியே எந்த இத்தாலியரிடம் இத்தாலியனில் பேசினாலும், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார்கள். எங்கள் ஆட்களோ பாஸ்தாவைக் களியாகும்வரை அவித்து, கறித்தூள் தூவி, மேலே கெச்சப்பும் ஊற்றிவிட்டு, "அண்ணைக்குத்தான் செய்தது" என்று நீட்டுவார்கள். இரண்டையும் முப்பது வருடமாகச் சகித்து வந்திருக்கிறேன். கொண்டோலாவைச் சகிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மருமகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, நீங்கள் நோ சொல்லுங்கோ, ப்ளீஸ். மாமா இல்லாட்டிச் செய்யேலாதுதானே? என்ர ஸ்கூல் ஃபிரெண்ட்சையும் கூப்பிட்டிருக்கினம். இதை ஏன் எல்லாருக்கும் அனௌன்ஸ் பண்ணோணும்?"

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு இத்தாலியின் மானம்தான் பெரிதாக இருந்தது, அவளுக்குப் போகவிருந்தது தன் மானம். தங்கையிடம் போய், படகும் வேண்டாம் மண்டபமும் வேண்டாம், பிள்ளைக்கு விருப்பமில்லை, வீட்டிலேயே தண்ணீர் வார்த்துவிட்டு விடு என்றேன். அவள் அசையவில்லை. தனக்கு ஊரில் யுத்தத்துக்குள் ஒன்றும் செய்யவில்லை, ஒரு மூலையில் இருத்தி முட்டை குடிக்கத் தந்ததோடு சரி, தன் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டேன் என்றாள். நான் வராவிட்டால் கணவனின் மாமா மகன் மாமன் முறைக்கு நிற்பாராம். தொப்பி அவருக்கும் அளவாம்.

அந்த மனிதரை எனக்குத் தெரியும். மைக்கைக் கண்டால் விடமாட்டார், வாயைத் திறந்தால் ஆபாசம். மருமகளுக்கும் தெரியும். "அப்ப நீங்களே வாங்கோ மாமா," என்றாள்.

விழாவுக்கு முதல் சனிக்கிழமை அவளை மோர்னிங்சைட்டில் நடன வகுப்பிலிருந்து ஏற்றிவரப் போனேன். வகுப்பு வாசலில் காருக்குள்ளேயே இருந்து இருவரும் ஒரு பாட்டுக் கட்டினோம். யாரை, எதைத் திட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள், நான் சமையலறையில் கற்ற இத்தாலியனில் அதைச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள். கடைசி வரி முழுக்க அவளுடையது. அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அந்த விழா நாளை நினைத்தால் இப்போதும் கை கழுவ வேண்டும் போலிருக்கிறது. புகை இயந்திரம் கக்கிய இனிப்பு நாற்றம். தலைக்கு மேலே இலையான் மாதிரி இரைந்து பறந்துகொண்டு ஒரு கமெரா. பலகாரத் தட்டுகளுக்கு நடுவே இத்தாலியத் திரமிசு என்ற பெயரில் பட்டர் ஐசிங் பூசிய கேக். ஸ்பீக்கரில் இத்தாலியப் பாட்டு என்று ஒரு ஸ்பானியக் காதல் பாட்டு, அதுவும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு. அறிவிப்பாளர் அவள் 'மலர்ந்துவிட்டதை' நானூறு பேருக்கு நீட்டி முழக்கிச் சொன்னார். படகின் முன்சில்லு கம்பளத்தில் புதைந்து நின்றுவிட்டது. நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

நான் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பாடினேன். கோயிலில் பாடுவதுபோல மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. இந்தப் படகைச் செய்தவன் கை அழுகட்டும். இந்தப் புகை கிழட்டுக் கடாவின் மூச்சு. மைக் பிடித்தவன் தொண்டையில் மீன்முள் சிக்கட்டும். கெட்ட வார்த்தைகளை நான் இங்கே எழுதவில்லை, அங்கே ஒன்றையும் விடவில்லை.

மண்டபம் அமைதியானது. ஐயர் கைகூப்பினார். தங்கை கண்ணைத் துடைத்தாள். படகுக்குள் மருமகளின் தோள்கள் குலுங்கின. மூன்றாவது வரியில் அவள் தலையை நிமிர்த்தி வாய்விட்டுச் சிரித்தாள். கமெராக்காரர் அதை எடுத்தார். பாட்டு முடிந்ததும் எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்தின் மனேஜர், வயதான இத்தாலியர், என்னிடம் வந்தார். சிரித்துச் சிரித்துக் கண் சிவந்திருந்தது. எந்தச் சமையலறையில் வேலை செய்தாய் என்று இத்தாலியனில் கேட்டார். அந்தச் சமையலறைக்கு வெளியே என்னிடம் ஆங்கிலத்துக்குத் தாவாத முதல் இத்தாலியர் அவர்தான். முப்பது வருடம் காத்திருந்தது கிடைத்தபோது நான் அந்தக் கோடு போட்ட சட்டையில் நின்றேன்.

மருமகள் சிரிக்கும் அந்தப் படம் இப்போது யூனியன்வில்லில் தங்கை வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. போன மாதம் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது தங்கை அதைக் காட்டினாள்.

"வேண்டாம் வேண்டாமெண்டு நிண்டவள். இப்ப பாருங்கோ அண்ணை, முகத்தில என்ன சந்தோசம். சின்னவளுக்கும் இப்பிடித்தான் செய்யிறது. அந்தப் பாட்டையே நீங்கள் பாடோணும்."

சின்னவளுக்கு எட்டு வயது. நிலத்தில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தவள் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். மூத்தவளின் அந்தச் சிரிப்பை அவள் அம்மாவுக்குச் சாட்சியாகப் பிடித்துக் கொடுத்தவனே நான்தான்.

கோப்பையை வைத்துவிட்டு, பாடமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். பாட்டின் அர்த்தத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். படகுக்காரன் கை, கடாவின் மூச்சு, மீன்முள். தங்கை முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினேன், அது என்னுடைய வரியல்ல.

மூத்தவள் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு படி இறங்கி வந்தாள்.

"'என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.' அதுதான் அம்மா கடைசி வரி," என்றாள்.