ஆரத்தித் தட்டும் பிரேக் விளக்கும்

அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில், பெட்டி பெட்டியாக வந்த உதிரிபாகங்களைக் கொண்டு கராஜில் நானே ஒரு கார் கட்டினேன். ஒரே குறை, பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்குக்குப் பதில் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் மாற்றியும் பலனில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் விற்றுவிடுவதாக மனைவி வசந்தாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கு பூஜை?"

"பாவம், அதுவும் வண்டிதானேங்க. போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். திறந்திருந்த டிக்கியில் எவர்சில்வர் தட்டை வைத்துவிட்டுத் தீப்பெட்டி தேடினாள். பழக்க தோஷத்தில் பிரேக்கை மிதித்தேன்.

"எரியுதுங்க."

"டிக்கிக்குள்ள கற்பூரம் ஏத்தாதே."

"கற்பூரம் இல்லீங்க. பிரேக் லைட்டு."

தட்டை எடுக்கச் சொன்னேன். அணைந்தது. வைக்கச் சொன்னேன். எரிந்தது. கற்பூரத்தை மறந்து இருவரும் திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தோம்.

பிறகு குனிந்து பார்த்தேன். தட்டின் ஒரு விளிம்பு விளக்கின் உலோக முதுகிலும், மறு விளிம்பு இரும்புச் சட்டத்திலும் பட்டிருந்தது. இரும்பு உடம்புள்ள காரில் மின்சாரம் அந்த உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். என் காருக்கோ மின்சாரம் பாயாத ஃபைபர் உடம்பு. எலக்ட்ரிகல் இன்ஜினீயரான நான், மின்சாரம் திரும்பிப்போக வேண்டிய விளக்கின் எர்த் வயரை அந்த ஃபைபரில் முடுக்கியிருந்தேன்.

வயரைச் சட்டத்துக்கு மாற்றிவிட்டு, வசந்தாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. தட்டு வெச்சதும் எரிஞ்சுதா, இல்லையா?"

எரிந்தது. கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டிக்கியில் தட்டும் இருக்கிறது. வயரைத்தான் நம்புகிறேன், தட்டை வெளியே எடுக்க மட்டும் கை வரவில்லை.