குழந்தைக்குப் பதில் சொன்னவள்

தமிழ்செல்விக்கு வாய் ஓயாது. செங்கம் சாலையில் ஒரு விடுதியில் அறை கூட்டி, படுக்கை விரிப்பு துவைக்கிறாள். பேருந்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் வேங்கிக்கால் வருவதற்குள் அவர்கள் குடும்பக் கதை முழுக்க இவளுக்குத் தெரிந்துவிடும். அவள் மகள் அபிநயா மூன்று வயதில் என் அங்கன்வாடியில் சேர்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"உம் பேரு என்னம்மா?" என்று குழந்தையைக் கேட்டேன்.

"எம் பேரு அபிநயா டீச்சர்" என்று மழலையில் சொன்னது தமிழ்செல்விதான்.

இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குழந்தையிடம் கேட்டால் அம்மா குழந்தைக் குரலில் பதில் சொல்வது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். என் பிள்ளைக்கு நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம், பேச்சு வராத குழந்தைகளின் அம்மாக்களுக்கு போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவு என்றார்கள். படம் வரும், குழந்தை அதன் பேரைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் திரை முழுக்க நட்சத்திரம் கொட்டும். மதிப்பெண் குறைந்த குழந்தைகளைத்தான் காது பரிசோதனைக்கு அழைப்பார்கள்.

முதல் நாள் மாட்டுப் படம் வந்தது. அபிநயா பார்த்துக்கொண்டே இருந்தாள். "மாடுன்னு சொல்லு கண்ணு, மாஆடு" என்று தமிழ்செல்வி மழலையில் சொல்லிக் காட்டினாள். செயலி அதைக் குழந்தையின் குரல் என்று எடுத்துக்கொண்டது. நட்சத்திரம் கொட்டியது, அபிநயா சிரித்துக் கை தட்டினாள். வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தங்கள் 'ஊமை' என்று காதுபடப் பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் கணவன் முருகவேல் வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கி, "இன்னிக்கு எத்தினி ஸ்டாரு?" என்பான். அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று தினமும் படத்தின் பேரை இவளே மழலையில் சொன்னாள்.

"இங்க ஒண்ணுமே பேசலியே தமிழு" என்று நான் கேட்டபோது, "வீட்ல நல்லா பேசுது டீச்சர், இங்கதான் வெட்கம்" என்றாள்.

செயலியிலிருந்து வாராவாரம் எனக்கு வந்த அறிக்கையும் அதையே சொன்னது. நம்பினேன். கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறாளே என்று காதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒன்றேமுக்கால் வருடம் போனது. ஒரு நாள் முருகவேல் வீட்டு வாசலில் வேனைப் பின்னால் எடுத்தான். கண்ணாடியில் பார்த்தால் குழந்தை முதுகு காட்டி நிற்கிறாள். மூன்று முறை ஹாரன் அடித்தும் நகரவில்லை. இறங்கி ஓடிப்போய்த் தூக்கினான். மறுநாளே பரிசோதனைக்குக் கிளம்பினார்கள், நானும் கூடப் போனேன்.

"ரெண்டு காதும் ரொம்ப கம்மி. பொறந்ததுலேர்ந்தே இருக்கும். கதவ சாத்தினா திரும்புறது அந்த அதிர்வுலதான்" என்றார் டாக்டரம்மா. "மூணு வயசுலயே வந்திருந்தா நிறைய செஞ்சிருக்கலாம். இனிமே பேச்சு எவ்ளோ வரும்னு சொல்ல முடியாதுங்க."

முருகவேல் ஒத்துக்கொள்ளவில்லை. "பேசுதுங்க. ரெக்கார்டு இருக்கு" என்று போனை நீட்டினான்.

டாக்டரம்மா பொத்தானைத் தொட்டார். "மாஆடு... பூ... அம்மா..." என்று போன் வரிசையாகச் சொன்னது. இத்தனை நாளும் முருகவேல் நட்சத்திரத்தை எண்ணினானே தவிர, ஒரு முறைகூடக் குரலைக் கேட்டதில்லை. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் மடியில் இருந்த அபிநயா திரையில் நட்சத்திரம் கொட்டுவதைப் பார்த்துக் கை தட்டினாள்.

"எத்தினி நாளா?" என்றான்.

"மொதல் நாள்லேர்ந்து."

இப்போது அபிநயாவின் இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. பேருந்தில் யாராவது குனிந்து அவளிடம் பேர் கேட்கிறார்கள். தமிழ்செல்வி வாயைத் திறப்பதில்லை. கேட்டவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.