மருந்துக்குக் கேட்காத கட்டி

கல்யாணமாகி மலைக்குப் போன முதல் மழைக்காலத்தில், என் தொடையில் அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகிப் போனது. ஏலத்தோட்டத்தில் அட்டை கடிக்காத ஆள் கிடையாது. பறிப்புக்குப் போகிற பெண்கள் புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டுதான் செடிகளுக்குள் இறங்குவார்கள். நான் பறிப்புக்குப் போகிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் சூப்பர்வைசர். ஓடையில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கடித்திருக்க வேண்டும். புண் காய்வதற்குள் அதே இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி எழும்பியது.

எழுபதுகளின் கடைசி அது. சிலமலை வெயிலில் வளர்ந்த எனக்கு மலை பழகவே இல்லை. போடியிலிருந்து குரங்கணி வரை ஜீப்பு. அதற்கு மேல் மட்டக்குதிரைகள் மூட்டை சுமந்து போகிற பாதையில் நடை. ஏறிப் போய்ச் சேர்ந்தால் தகரக் கூரை போட்ட எங்கள் வீடு, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர், அதைத் தாண்டி வேலையாட்கள் குடியிருக்கிற லயம். வேறு எதுவும் இல்லை. மழை பிடித்தால் விடாது. துவைத்த துணி காயாது. எல்லாரும் ஈரத்துணியை ஸ்டோருக்குக் கொண்டுபோய், காய் உலர்த்துகிற சூட்டில், ஒரே கொடியில் போடுவோம். என் சேலை, அவருடைய வேட்டி, லயத்துப் பெண்களின் ரவிக்கை, பிள்ளைகளின் கந்தல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் துண்டு ஒன்றுதான். அவர் துடைத்துவிட்டு நீட்டுவார், நான் வாங்கித் துடைத்துக்கொள்வேன். புதிதாகக் கல்யாணமானவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

தோட்டத்தில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. நல்ல மனிதர். ஆனாலும் தொடையில் கட்டி என்று ஓர் ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. நடை கோணுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தானாகக் கேட்ட பிறகுதான் அவரிடமே சொன்னேன். அவர் போய் கம்பவுண்டரைக் கூட்டி வந்தார்.

“சாரமில்ல, சூடாக்கும்” என்றார் கம்பவுண்டர், பரவாயில்லை, உடம்புச் சூடுதான் என்கிற அர்த்தத்தில். கட்டியைப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. “ஒரு பென்சிலின் போட்டா மாறும்.”

கையில் ஊசி போட்டார். கொஞ்சம் மாத்திரையும் கொடுத்தார். கட்டி பழுத்துத் தானாக உடைந்தது. வலி விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். “மிச்சத்தைத் தூக்கிப் போட்டுறாத. அடுத்த தடவைக்கு ஆகும்” என்றார் என் வீட்டுக்காரர். அப்படித்தான் அங்கே எல்லார் வீட்டிலும். ஒரு தகர டப்பாவில் விதவிதமான மாத்திரைகள் மிச்சம் கிடக்கும். பல்வலிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான்.

அடுத்த தடவை வெரசாவே வந்தது. இடுப்பில் ஒன்று, அது அடங்குவதற்குள் அக்குளில் ஒன்று. மறுபடி ஊசி, மறுபடி கொஞ்சம் மாத்திரை. ஒவ்வொரு கட்டியும் முந்தியதைவிடப் பெரிதாக எழும்பியது. விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலையை வாட்டிப் போட்டேன். கேட்கவில்லை. வலி பொறுக்காமல் விரலால் பிதுக்கிய இடத்தில் சுற்றிலும் இன்னும் கல்லாக இறுகியது.

அந்த மலையில் எனக்கென்று பேச்சுத் துணை ஒருத்திதான். லயத்தில் கடைசி வீட்டுக்காரி. வேலை முடிந்து கைப்பிள்ளையை இடுக்கிக்கொண்டு வருவாள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எனக்குத் தலை சீவி விடுவாள். ஒரு சாயங்காலம் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்து ஒருநாள் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்திலேயே நின்றாள். பிள்ளை இல்லாமல் வந்திருந்தாள்.

“உள்ள வா தாயி.”

“இல்லக்கா. கோவிச்சுக்கிடாதீக. பிள்ளைக்குக் கழுத்துல எல்லாம் கொப்புளமாப் போட்டுருக்கு. இங்க வந்துட்டுப் போனதுல இருந்துதான்னு லயத்துல பேசிக்கிறாக.”

“அப்ப வராத” என்றேன். அவள் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். அன்றிலிருந்து ஓடையில் நான் குடத்தை இறக்கினால், அங்கே இருக்கிறவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே நகர்ந்துவிடுவார்கள். யாரும் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குப் பதில் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

பிறகு காய்ச்சல் வந்தது. அக்குள் கட்டி பெரிதாகி, கையைக் கீழே இறக்க முடியாமல், உடம்பு உதற ஆரம்பித்தது. ஆட்கள் நாற்காலியில் கம்பு கட்டி என்னைக் குரங்கணி வரை தூக்கி வந்தார்கள். அங்கே ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பு ஒன்று நின்றிருந்தது. “அக்காவ முன்னாடி உக்கார வைங்கண்ணே, வெரசாப் போயிருவோம்” என்று டிரைவர் மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தார். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து, என் தோள் ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

போடியில் ஒரு பெண் டாக்டர் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அந்த அம்மாதான் முதன்முதலாக என் உடம்பிலிருந்த எல்லாக் கட்டிகளையும் பார்த்தது. தொடையைக் காட்டச் சொன்னபோது அழுதுவிட்டேன். வலியினால் இல்லை. அத்தனை மாதமாக ஒருவருக்கும் காட்டாததை ஒருவர் சாதாரணமாகப் பார்த்ததினால்.

“ஏம்மா, உள்ள இவ்வளவு சீழை வச்சுக்கிட்டு மாத்திரை தின்னா எப்படி ஆறும்? மொதல்ல இது வெளிய வரணும்” என்றார். மரத்துப் போக ஊசி போட்டு, கட்டியைக் கீறி, சீழை எடுத்து, துணித்திரியை உள்ளே வைத்துக் கட்டினார். கொஞ்சம் சீழைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மதுரைக்குப் போகிற ரயிலில் ஓர் ஆளிடம் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்களாம்.

பதில் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “பென்சிலினும் கேக்கல, கம்பவுண்டர் குடுத்த மாத்திரையும் கேக்கல. இந்தக் கிருமி ரெண்டுக்கும் தப்பிச்சுப் பழகிருச்சு.”

“நான் பாதியில நிறுத்துனதுனாலயா டாக்டரம்மா?”

“ஒன்னால மட்டும் வந்ததில்ல. ஊரே இப்படித்தான் சாப்பிடுது. அரைகுறையாச் சாப்பிட்டா நோஞ்சான் கிருமி சாகும், தாக்குப்பிடிக்கிறது மிஞ்சும். அது ஒருத்தர்ட்டருந்து இன்னொருத்தருக்குப் போகும். இப்ப இதுக்குக் கேக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. வெறும் வயித்துல, நேரம் தவறாம, நான் சொல்றவரைக்கும் சாப்பிடணும். வலி போயிருச்சுன்னு நிறுத்தின, அடுத்த தடவை இதுவும் கேக்காது.”

சிலமலைக்குப் போய் அத்தை வீட்டில் தங்கலாம் என்றுதான் இருந்தோம். அத்தை ஆஸ்பத்திரிக்கே வந்து என் தலையைத் தடவிவிட்டு, “வீட்ல பிள்ளைத்தாச்சி இருக்கா ஆத்தா. ஆறுனதும் வந்துரு” என்றார். என் நாத்தனாருக்கு அது நிறைமாசம். அத்தை சொன்னது நியாயம்தான். எனக்கு அம்மா இல்லை. ஆகவே போடியிலேயே, வீட்டுக்காரருக்குப் பழக்கமான ஒரு மலைச்சரக்குக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தோம். பறிப்புக் காலம். அவர் என்னை அங்கே விட்டுவிட்டு மலையேறினார்.

அந்த அறையில் நான் இருந்ததை நினைத்தால் இப்போதும் ஏலக்காய் வாசனைதான் முதலில் வருகிறது. கீழே முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பார்கள். மாடியில் என் சன்னல் வேறு பக்கம் பார்த்தது. அவர்கள் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். ஒருத்தி சிரிப்பு தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடியும். ஒருத்தி எப்போதும் மருமகளைப் பற்றியே பேசுவாள். அவள் சொல்கிற கதையில் அடுத்து என்ன ஆயிற்று என்று நான் மறுநாள் வரை காத்திருப்பேன். இறங்கிப் போய் உட்கார்ந்தால் யாரும் துரத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அக்குளில் கட்டோடு, அடுத்தவர் வாயில் போடுகிற சரக்கின் பக்கத்தில் நான் எப்படிப் போய் உட்காருவது?

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றி வருவேன். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். கட்டுக்கு வெளியே கசிந்தால் தொடாமல் சுத்தத் துணியால் மூடச் சொல்லியிருந்தார்கள். சேலை, உள்பாவாடை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். எனக்கென்று தனித் துண்டு. இவ்வளவும் செய்து முடித்தாலும் பொழுது மிச்சம் கிடக்கும். பேச ஆள் இல்லாமல், மாத்திரை சாப்பிடுகிற நேரம்தான் யாரோ என்னைப் பார்க்க வருகிற நேரம் மாதிரி ஆகிப்போனது.

புண் உள்ளிருந்து ஆறிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் அவர் சந்தைச் சோலியாக இறங்கி வந்து இரண்டு நாள் தங்கினார். நான் தடுப்பதற்குள் என் துண்டை எடுத்து முகம் துடைத்தார். அவர் பிடரியில் வழக்கமாக இருக்கிற கொப்புளம் அன்று உடைந்திருந்ததை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். மலையில் ஒரே கத்தியால் எல்லாருக்கும் சவரம் நடக்கும். அதில் வருகிறது என்று அவர் அதைச் சட்டை செய்ததே இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். “வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா” என்றார்.

“எனக்கென்ன சீக்கு? நான் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதே இல்ல” என்றார் அவர்.

“கொப்புளம் இருக்குல்ல.”

“இதுக்குப் போயி டாக்டரா? நாலு பேரு கேட்டாச் சிரிப்பாக.”

கல்யாணமானதிலிருந்து அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். “நீங்க வந்து காட்டலைன்னா நான் மேல வரமாட்டேன். ஆறி ஆறித் திரும்ப வந்தா, இந்த மருந்தும் கேக்காமப் போனா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்சு ஸ்டாண்டுப் பக்கம் போனார். மலைக்குப் போய்விட்டார் என்று சாயங்காலம் கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நாட்கள் போயின. ஜீப்பு டிரைவரிடம் சொல்லிவிடுகிற சேதிகூட வரவில்லை. கீழே பெண்கள் பேசுவது வழக்கம்போலக் கேட்டது. எனக்குத்தான் எந்தக் கதையும் காதில் ஏறவில்லை. இப்படியே விட்டுவிடுவாரோ என்று தோன்றியது. அத்தை வீட்டுக்கும் போக முடியாமல், மலைக்கும் போக முடியாமல், அந்த அறையிலேயே நான் கிழவியாகிப் போவதாகக் கற்பனை பண்ணிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் படியில் செருப்புச் சத்தம். அவர்தான். பின்னால் லயத்துக் கடைசி வீட்டுக்காரி, இடுப்பில் பிள்ளையோடு. பிள்ளையின் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

“கௌம்பு. எல்லாரையும் ஒண்ணாக் காட்டிட்டு வந்துருவோம்” என்றார்.

டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியை அவர் மூக்கில் விட்டு எடுத்தார், என் மூக்கிலும் எடுத்தார். பிள்ளையின் கொப்புளத்திலும் எடுத்தார். மதுரையிலிருந்து வந்த பதிலில் மூன்றும் ஒரே மாதிரிக் கிருமி.

அவர் முகம் சுண்டிப்போனது. “அப்ப எங்கிட்டருந்துதான் இவளுக்கா?”

“யாருக்கு யார் குடுத்தான்னு சொல்ல முடியாதுங்க” என்றார் டாக்டர். “நிறையப் பேர் மூக்குல இது சும்மா குடியிருக்கும். ஒண்ணும் பண்ணாது. தோல் கிழிஞ்சா உள்ள போகும். கடிச்ச எடம், கத்தி பட்ட எடம், சொறிஞ்ச எடம். இனி அதுக்கு வழி விடாம இருங்க.”

பிள்ளைக்கு மருந்து கொடுத்தார். எங்கள் இருவருக்கும் மூக்கினுள் தடவக் களிம்பு கொடுத்தார். அவரவர் துண்டு, அவரவர் சவரக் கத்தி, கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மூடுவது, கட்டி வந்தால் பிதுக்காமல் இறங்கி வருவது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினார்.

மழை ஓய்ந்த பிறகு நான் மலையேறினேன். ஸ்டோருக்குள் வீட்டுக்கு ஒரு கொடி என்று அவர் கயிறு பிரித்துக் கட்டியிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு துண்டுகள் இரண்டு ஆணிகளில் தொங்கின. கடைசி வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. பிள்ளை தேறியதும் அவர்கள் கேரளத்துப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். அவள் சொல்லிக்கொண்டு போக நான் அப்போது மலையில் இல்லை.

கட்டி திரும்ப வரவில்லை. ஆனால் லயத்துப் பெண்கள் என் வீட்டுக்குள் கால் வைக்க வெகுகாலம் ஆனது. ஆறிவிட்டது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? அவரும் பழக்கத்தில் பாயைத் தள்ளிப் போட்டுத்தான் படுத்தார். பயத்தில் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், பகலில் அவர் வேலைக்குப் போன பிறகு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

எண்பதுகள் பிறந்து சில வருஷம் கழித்து, பறிப்புக்காரி ஒருத்தி அரிவாள் பட்ட விரலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். “அக்கா, இத எதக்கொண்டு கழுவணும்னு ஒங்களுக்குத் தெரியும்னாக” என்றாள். கொதித்து ஆறிய தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவிவிட்டு, சுத்தத் துணி கட்டினேன். சிவந்து வலித்தால் மாத்திரை வாங்கித் தின்னாமல் போடிக்குப் போகச் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் வீட்டு டம்ளரில், அவசரமில்லாமல் குடித்தாள். மழையைப் பற்றி ஏதோ சொன்னாள். நானும் ஏதோ சொன்னேன். அவள் எழுந்து போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டுமே என்று, கேட்காமலேயே இன்னொரு டம்ளர் ஊற்றினேன்.