ரோல்ஸ் மட்டும் போன கலியாணம்

எங்கள் சமையலறையில் திங்கட்கிழமைக் கதை எப்போதும் கோழி இறைச்சியில்தான் தொடங்கும். சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறை அது. பாத்திரம் கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் என் வேலை. சுவிஸ்காரரான தலைமைச் சமையல்காரர் கையைத் துடைத்தபடி, "சனிக்கிழமை கொஞ்சம் அங்கால போயிட்டு வந்தனாங்கள்" என்பார். அங்கால என்றால் ஜெர்மனி; அங்கே எல்லாம் மலிவு. இன்னொரு நாட்டுக்குப் போய்க் கோழியும் சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்! மன்னாரில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வருவதற்கே எத்தனை ஆமிச் சென்றி தாண்டினோம், எத்தனை தரம் அடையாள அட்டையை நீட்டினோம். இங்கே சென்றியும் இல்லை, ஆமியும் இல்லை. ஆனாலும் வந்த நாள் தொட்டு நான் அங்கால போனதில்லை. எங்களிடம் இருப்பது எஃப் விசா. இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். எல்லைக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. மகளின் வகுப்பு ஜெர்மனியில் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போன அன்று, அவள் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து படம் கீறிவிட்டு வந்தாள். "நான் எங்கையம்மா போறது, நான் இஞ்சத்தைய ஆள்தானே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

அந்தச் சமையலறையில் எனக்கு வாய்த்தவள் ஹலினா. போலந்தின் தெற்கு மூலையில், போட்ஹாலே என்ற மலைநாட்டுக்காரி. அவளுடைய ஜெர்மனும் அரை, என்னுடையதும் அரை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுக்கதை வரும். அவர்களுடைய வீடுகள் முழு மரங்களை அடுக்கிக் கட்டியவையாம், ஆணியே இல்லையாம். ஆண்கள் கொண்டாட்டத்துக்குப் பூவேலை செய்த வெள்ளைக் கம்பளிக் காற்சட்டை போட்டுக் கையில் சின்னக் கோடரியோடு ஆடுவார்களாம். ஊருக்கு மேலே கேவொன்ற் என்று ஒரு மலை; தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீரன் மல்லாந்து படுத்திருப்பதுபோல இருக்குமாம். நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழும்புவானாம். "உங்கட நாட்டிலை அவ்வளவு யுத்தம் நடந்ததே, அப்ப எழும்பேல்லையோ?" என்று கேட்டேன். ஹலினா கரட் சீவுவதை நிறுத்தாமல் சொன்னாள்: "எழுப்புற ஆக்கள் எல்லாரும் கலியாணத்துக்குப் போட்டினம், ரெஜினா."

லீவில் போய் வந்தால் பத்திரிகைத் தாளில் சுற்றி ஓஸ்சிப்பெக் கொண்டுவருவாள். செம்மறிப் பாலில் செய்து, உப்புநீரில் ஊறவைத்து, புகையில் தொங்கவிட்ட பாற்கட்டி. உருவம் ஊரில் நூல் சுற்றுகிற கதிர் மாதிரி. மேலெல்லாம் மர அச்சின் கோலம். சட்டியில் வாட்டிக் கடித்தால் பல்லில் கிறீச்சென்னும். உப்பும் புகையுமாக அந்த வாசம் மூக்கில் ஏறியபோது எனக்கு எங்கள் வங்காலைக் கடற்கரையில் காயும் கருவாடுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். மீனையும் தன் பாற்கட்டியையும் ஒன்றாக்கிவிட்டேன் என்று ஹலினாவுக்குக் கோபம். அடுத்த நாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டியை வழித்துத் தின்று முடித்துவிட்டு, "மன்னிச்சன்" என்றாள்.

ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அது. அந்த வைகாசிக்குப் பிறகு எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு பிறந்தநாள்கூட நடக்கவில்லை. வேலை, வீடு, தொலைக்காட்சி. என் மனுசன், இவர், சோபாவை விட்டு எழும்புவதேயில்லை. அப்படியொரு ஞாயிறு மத்தியானம் எங்கள் நாலாம் மாடிக் கதவுக்கு வெளியே யாரோ தொண்டை கிழியப் பாடினார்கள். திறந்தால் ஹலினாவும் அவளுடைய புருஷன் யோசெக்கும்! அவன் தலையில் இறகு செருகிய தொப்பி, தோளில் சிவப்புப் பட்டி. போட்ஹாலேயில் கலியாணம் சொல்ல இரண்டு பேர் குதிரையில் வீடு வீடாகப் போய், வாசலில் பாடித்தான் அழைப்பார்களாம். "குதிரையை பஸ்ஸிலை ஏத்தமாட்டன் எண்டிட்டாங்கள்" என்றான் யோசெக். ஹலினாவின் தங்கைக்குப் புரட்டாசிக் கடைசியில் கலியாணம். ஞாயிற்றுக்கிழமையில் இவ்வளவு சத்தமா என்று கீழ்வீட்டு சுவிஸ் அம்மா மேலே ஏறிவந்தார். இவர் பதறிப்போய், "கலியாணம், கலியாணம்" என்றார். அந்த அம்மா இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்பதானா? நல்லது, நல்லது" என்று இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் ஊரிலும் கலியாணம் என்றால் வீடு தேடி வந்துதான் சொல்ல வேண்டும். அப்படி வந்து சொன்னவர்களுக்கு வாசலில் வைத்து மாட்டேன் என்று சொல்வது எங்களுக்குத் தெரியாத காரியம். கட்டாயம் வாறம் என்று சொல்லி அனுப்புவோம். போகிறோமா இல்லையா என்பது பிறகு. சொன்னவருக்கும் அது தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இவரும் அந்தப் பழக்கத்தில், "யா, யா, கட்டாயம் வாறம்" என்றுவிட்டார். போலந்துக்காரருக்கு வாறம் என்றால் வாறம்தான். அடுத்த கிழமையே ஹலினா, தங்கள் வான் வண்டியில் எனக்கும் இவருக்கும் இரண்டு சீற் விட்டாயிற்று என்றாள். படுக்க அறை, எனக்குப் பூப்போட்ட ஒரு சால்வை, எல்லாம் தயார்.

பாத்திர மெசினுக்குப் பக்கத்தில் நின்று எஃப் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன பெரிய விசயம்? போன மார்கழியோட எல்லையைத் திறந்திட்டாங்கள். ஒருத்தனும் நிக்கிறதில்லை. நீ நித்திரை கொள்ளு, எழும்பேக்கை போட்ஹாலே."

இவர் அன்றிரவே தன் கோட்டை எடுத்துச் சுருக்கம் போக மினுக்கினார். மாதக்கணக்காகச் சோபாவில் கிடந்த மனுசன் மினுக்குப்பெட்டியைப் பிடித்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா, பி விசாவுக்குக் குடுத்துக் கிடக்கு. வழியிலை ஒருத்தன் மறிச்சால் பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

"ஆர் மறிக்கப் போறான்? மூண்டு நாள். எனக்கு ஒருக்கா மூச்சு விட வேணும், ரெஜி."

எனக்கும்தான் வேணும். ஆனால் எல்லை தாண்ட விடுகிற அந்த பி விசாவுக்குப் பதில் வர இன்னும் கொஞ்ச நாள்தான், ஒரு கறையும் படக் கூடாது என்று விசா அலுவலைப் பார்க்கிறவர் சொல்லியிருந்தார். எங்களுடைய மூச்சுக்கு மகளுடைய அட்டையை வைத்து விளையாட முடியாது. அதை ஹலினாவுக்குச் சொல்ல எனக்குத் துணிவு வந்தது கடைசிக் கிழமையில்தான். அவள் அழவில்லை, கோபிக்கவில்லை. "அப்ப சாப்பாடாவது வரட்டும்" என்றாள். ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்தேன். மலையில் செம்மறி மேய்க்கிறவர்கள் குறை சொல்லாதபடி மிளகைக் கூட்டி, மாவுச் சுற்றில் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டி, பொரிக்காமல் குளிர்ப்பெட்டியில் அடுக்கினேன்.

வெள்ளி காலை வான் வந்தது. பெட்டியைச் சரியாக வைப்பதற்காக உள்ளே ஏறினேன். முன்வரிசையில் எங்களுடைய இரண்டு சீற்றும் வெறுமையாகக் கிடந்தன. இருந்து பார்த்தேன். மெத்தென்று இருந்தது. யோசெக் எஞ்சினை நிறுத்தவில்லை. வான் முழுவதும் இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "இரு, இரு" என்றாள் ஹலினா மெதுவாக. கதவைச் சாத்தினால் போதும். மேலே பார்த்தேன், பல்கனியில் மகள் பள்ளிக்கூடப் பையோடு நின்றாள். கையசைக்கவில்லை, கூப்பிடவுமில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கினேன். கோட்டோடு கீழே வந்து நின்ற இவர் வானின் கதவை இழுத்துச் சாத்தினார்.

அடுத்த புதன் ஹலினா வேலைக்கு வந்தாள். புளிச்ச முட்டைக்கோவா சூப், வயலின், மணப்பெண்ணின் பூமுடியைக் கழற்றித் தலைத்துணி கட்டிய சடங்கு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "உன்ர ரோல்ஸ் என்ன செய்தது தெரியுமோ?" அங்கே கலியாண ஊர்வலம் கோவிலுக்குப் போகும்போது ஊரார் வழியில் கயிறு கட்டி மறிப்பார்களாம், வேசம் போட்டு நின்று, வொட்கா கொடுத்தால்தான் விடுவார்களாம். ஒவ்வொரு மறியலுக்கும் கொடுத்து, கடைசி மறியலுக்கு வரும்போது போத்தல் முடிந்துவிட்டது. அங்கே நின்றவன் பொலிஸ் தொப்பி போட்டிருந்தான். "பாஸ்போட் எங்க எண்டு கேட்டான், ரெஜினா! யோசெக் என்ன செய்தான், பொரிச்ச ரோல்ஸ் தட்டை அப்படியே நீட்டினான். ஒண்டைக் கடிச்சான், ரெண்டாவதை எடுத்தான், கயிறைத் தூக்கி..." சிரித்துச் சிரித்துச் சொன்னவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான்தான் சிரித்தேன். "சொல்லு, சொல்லு. உறைக்குதெண்டு சொல்லேல்லையோ?" என்றேன். அவள் ஈரக்கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அந்த இடத்தின் படம் ஒன்று கொடுத்தாள். வானின் முன்கண்ணாடி வழியாக எடுத்தது. வாய் நிறைய ரோல்ஸோடு பொலிஸ் தொப்பிக்காரன், அவன் தூக்கிப் பிடித்த, பைன் கிளை கட்டிய கயிறு, அதற்கு அப்பால் ஈரத் தெரு. வீட்டில் இவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "இது எந்தச் சீற்றிலை இருந்து எடுத்தது?" என்று கேட்டார். நானும் ஹலினாவிடம் அதைத்தான் கேட்டிருந்தேன். எங்களுடையதில் இருந்துதானாம். பி விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. வேலையால் வந்து அந்தப் படத்தைக் கையில் எடுத்தால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். கயிறு மேலே தூக்கியாயிற்று. வான் இன்னும் நகரவில்லை.