நீல மருந்தும் தாய்மாமனும்

இருதய வார்டில் நர்ஸ் வேலை என்றால் நோயாளியைச் சமாளிப்பது கால்வாசி, அவருடைய சொந்தக்காரர்களைச் சமாளிப்பது முக்கால்வாசி. வீட்டில் ஒரு சர்க்கரை வியாதிக்காரரை வைத்துக்கொண்டு விழிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மதுரையில் நடந்தது. இன்சுலின் ஊசி வந்துவிட்டது. அதை நம்புகிற ஆள்தான் இன்னும் வரவில்லை.

வெறுங்கை

சோலைமலை சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். நெஞ்சுவலி என்று வந்தார்; சோதித்தால் சர்க்கரையும் இருந்தது. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சர்க்கரை இறங்கினால்தான் வீட்டுக்கு விடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் கோதுமைக் கஞ்சியும் கீரையுமாகக் கொடுத்துவர, பரவையிலிருந்து வந்த அவர் தங்கை தலையணைக்கு அடியில் அதிரசப் பொட்டலத்தைச் செருகினார். கையும் களவுமாகப் பிடித்தேன். அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை.

"அண்ணன் திங்கிறதுக்கா கொண்டாந்தேன்? வெறுங்கையோட வந்தா பாக்குறவுக என்ன நெனப்பாக, நர்ஸம்மா?"

மங்கள நிறம்

அந்த நாளில் எங்கள் சோதனை இதுதான்: நீல மருந்தில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் கொதிக்க வைப்போம். நீலமாகவே நின்றால் நல்லது; செங்கல் நிறமானால் சர்க்கரை ஏகமாக இருக்கிறது என்று அர்த்தம். என் கண்ணில் படாமல் எத்தனை அதிரசம் உள்ளே போயிற்றோ, மறுநாள் மருந்து நன்றாகச் சிவந்துவிட்டது. கண்ணாடிக் குழாயை அவரிடமே காட்டித் திட்டினேன். மனிதருக்கு முகம் மலர்ந்தது.

"கல்யாண வீட்டுக்காரனுக்குக் குங்குமக் கலர்ல வந்திருக்கு. இதைப் போயி கெட்டதுங்கிறீகளே."

மாப்ளயின் உதவி

ஊசியும் கஞ்சியும் வேலை செய்து, நிறம் மெல்ல நீலத்துக்கு முந்தின பச்சைக்கு இறங்கியது. மறுநாள் காலைச் சோதனையைப் பார்த்துவிட்டு அனுப்புவதாக டாக்டர் சொன்னார். காலையில் பார்த்தால் மறுபடி செங்கல். ஊசி மருந்தைக் கூட்டச் சொன்னார்.

ஊசியோடு போனேன். சோலைமலை கையை இழுத்துக்கொண்டு, சோதித்தது தன்னுடையது இல்லை என்றார். துணைக்கு இருந்த, அவர் 'மாப்ள' என்று கூப்பிடும் மனைவியின் தம்பி வீரணன் சுவரைப் பார்த்து நின்றான். தலைவலி என்றுகூடப் படுத்தறியாத ஆள் அவன். இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டிருந்தால் அந்த நெஞ்சுவலிக்காரர் மயங்கி, அப்படியே போயிருப்பார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு இருவரையும் ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன்.

"என்னுது செவந்துட்டா வீட்டுக்கு விடமாட்டீகன்னு மாப்ளயோடதக் குடுத்தேன். இவன் இம்புட்டுச் சர்க்கரை வச்சிருப்பான்னு யாரு கண்டா?"

பக்கத்துக் கட்டில்

சோலைமலையின் சொந்தச் சோதனை நீலமாகவே நின்றது. அடுத்து வீரணன் நெஞ்சில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். துடிப்பும் சரியில்லை என்று பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார். வீரணன் சிரித்தான், வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் படுத்துக்கொண்டான். ஊருக்குப் போக மூட்டை கட்டியிருந்த சோலைமலை அதைக் கீழே வைத்தார். அவ்வளவு திட்டிய எனக்கே பாவமாகிவிட்டது.

"அப்பன் எடத்துல சித்தப்பன் நிப்பான். தாய்மாமன் இல்லாம எம்மக மணவறை ஏற முடியாது. அவனை விட்டுருங்க டாக்டரையா, அந்தக் கட்டில்ல நான் படுத்துக்கிறேன்."

டாக்டர் ஒரு நாளைக்கு இருவரையும் விட்டு, ஊசிப் பெட்டியோடு என்னையும் வண்டியில் ஏற்றி அனுப்ப, கல்யாணப் பந்தியில் இரண்டு இலைகளில் பாயசம் விழாமல் காவல் நின்றேன். அந்தப் படிப்பை எந்த நர்ஸ் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை.